உத்திரமேரூரில் வீட்டுக்காரர் ஆகக்கூடியவர் யார்?

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிப் பேசிய பிரதமர், இந்திய மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டினார். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட விதிகள் அவை. அவற்றைப் பாராட்டுவோர் குடவோலையைச் சொல்வர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது என்பதைச் சொல்வர். ஓலையில் ஒருவருடைய பெயர் ஏறுவதற்கு முன் அவரிடம் என்ன இருக்க வேண்டும் என்ற பகுதியை விரைந்து கடந்துவிடுவர். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அவற்றோடு, சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. மனை இல்லாதவனுக்கு அங்கே ஓலை இல்லை. அதே சோழர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்ற சொற்கள் இடம்பெறுவதையும் உடன் வைத்துப் படித்தால், மனை யாருக்கு உரியது என்பதில் அன்றைய அரசுக்குக் குழப்பம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாம் இங்கே பேச வந்தது வாடகை வீட்டைப் பற்றி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வீட்டு வாடகை இன்று சிறு உடைமையாளர்களின் முதன்மையான வருவாய் வழிகளுள் ஒன்றாக வளர்ந்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் எனத் தொழிற்சாலைகள் ஒருபுறம்; மேற்கே செய்யாறு சிப்காட் மறுபுறம். விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் கிராமச் சாலைகளில் நின்று ஆள் ஏற்றிச் செல்லும் வட்டாரம் இது. உத்திரமேரூர், ஒரகடத்தைப் போல வாடகைக் குடியிருப்புகளால் அடைபட்ட ஊர் அன்று. ஆயினும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு சாலைகளை ஒட்டியும் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை, மாடியில் ஒரு வீடு, காலி மனையில் நான்கு அறை கொண்ட லைன் வீடு என்று கட்டி வாடகைக்கு விடும் வழக்கம் பரவியிருக்கிறது. விவசாயத்தில் வருவாய் நிச்சயமில்லை. நகையை வங்கியில் வைத்தாவது இரண்டு அறை கட்டிவிட்டால் மாதம் பிறந்ததும் பணம் வரும் என்பது இங்குள்ள குடும்பங்களின் கணக்கு. தவறான கணக்கு அன்று.

ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நான்கு அறை; அறைக்கு மாதம் 3,000 ரூபாய். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். பராமரிப்பு, வரி, மின்சாரம், இடையே ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தாலும் ஒரு லட்சத்திற்குக் குறையாது. 2025-26 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலையின் ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு நாளும் விடுபடாமல் சென்றால் 33,600 ரூபாய். ஊரில் நான்கு அறை வைத்திருக்கும் குடும்பத்திற்கும் காலனியில் இருந்து நூறு நாள் வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கும் இடையே ஒவ்வோர் ஆண்டும் இந்த அளவில் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. முன்னவரின் பிள்ளை பொறியியல் கல்லூரிக்குக் கட்டும் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த இடைவெளியில் பார்க்கலாம்.

இந்தச் சந்தையில் தலித்துகள் இரண்டு வாசல்களில் நிறுத்தப்படுகிறார்கள். ஒன்று, வாடகைக்குக் கேட்டுப் போகும் வாசல். இதைப் பற்றி ஓரளவு பேசியிருக்கிறோம். மற்றொன்று, வாடகைக்கு விடுபவராக ஆகும் வாசல். இதைப் பற்றி நம் இயக்கங்களே அதிகம் பேசியதில்லை. இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதல் வாசலில் கேட்கப்படுவது எதுவென்று வாசகர்களுக்குத் தெரியும். "எந்த ஊரு?" என்று தொடங்கும். ஊரின் பெயரைச் சொன்னதும், "ஊரிலேயா, காலனியிலேயா?" என்று வரும். சொல்லத் தயங்கினால் அப்பாவின் பெயர், குலதெய்வம், எந்தத் தெருவில் உறவினர் என்று சுற்றி வளைக்கும். சைவமா, அசைவமா என்ற நகரத்து நாகரிகம் இங்கே தேவைப்படுவதில்லை. கிராமத்தில் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒவ்வொரு தெருவின் சாதியும் மனப்பாடம். கடைசியில், "சொந்தக்காரங்க வர்றாங்க, அப்புறம் சொல்றேன்" என்று முடியும். அடுத்த வாரமும் பலகை அப்படியே தொங்கும். மாற்றலாகி வந்த ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் எனப் பலர் இதனாலேயே காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ தங்கி நாள்தோறும் பேருந்தில் வந்துபோகிறார்கள். அவர்கள் புகார் கொடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த ஊரில் முதல் வாரமே வழக்கா என்ற தயக்கம் நமக்குப் புரிகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. அதே வீட்டுக்காரர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளர்களுக்கு அறை தருகிறார். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓர் அறையில் ஆறு பேரை அடைக்கிறார்; அந்தக் கொள்ளை தனிக் கட்டுரைக்கு உரியது. அந்த ஆறு பேரில் எத்தனை பேர் தலித்துகள் என்று அவருக்குத் தெரியாது. அவர்களுடைய ஊரின் தெருக்கள் அவருக்கு மனப்பாடம் இல்லை. ஆகவே அழுக்கு, சத்தம், பழக்கவழக்கம் என்று சொல்லப்படும் காரணங்கள் காரணங்களே அல்ல. அடையாளம் படிக்க முடிந்த இடத்தில் மறுப்பு; படிக்க முடியாத இடத்தில் பணம்.

தில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் சுகதேவ் தோராட் முதலானோர் நடத்தி, 2015-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு வழியில் காட்டியது. பெயரைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த வாடகை கேட்பவர்களைத் தொலைபேசியில் பேசவைத்தனர். உயர்சாதிப் பெயர்களுக்கு மறுப்பே இல்லை என்னும் நிலை. தலித் பெயர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம் பெயர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கும் நேரடி மறுப்பு. நேரில் சென்றபோது மறுப்பு இன்னும் கூடியது. 1917-இல் கொலம்பியாவில் படித்துத் திரும்பி பரோடா அரசின் பணிக்குச் சென்ற அம்பேத்கர், தங்க இடமின்றிப் பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சூடித் தங்கியதையும், பதினோராம் நாள் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதையும் மாணவர்கள் படித்திருப்பார்கள். பட்டமும் பதவியும் கையில் இருக்க, ஓர் அறை கிடைக்காததால் கைவிடப்பட்ட வேலை அது.

இனி இரண்டாம் வாசல். தலித் ஒருவர் ஏன் எளிதில் வீட்டுக்காரர் ஆக முடிவதில்லை? பணம் இல்லை என்பது பாதி விடைதான். அரசுப் பணியிலும் தொழிற்சாலைப் பணியிலும் இருந்து கொஞ்சம் சேர்த்தவர்கள் நம்மிடையே இன்று இருக்கிறார்கள். மீதி விடை இந்த மாவட்டத்தின் மனை வரலாற்றில் கிடக்கிறது.

பழைய செங்கற்பட்டு மாவட்டம் மிராசு முறையின் கோட்டை. நிலத்தோடு ஊர் நத்தத்தின் மீதும், பல கிராமங்களில் சேரி நத்தத்தின் மீதும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாரருடையது. அந்த மண்ணுக்கு அவன் கொடுத்த வாடகை பணமன்று, உழைப்பு. கூலி உயர்த்திக் கேட்டாலோ, தரிசு நிலத்திற்குத் தனக்கும் மனுப்போட்டாலோ குடிசையைப் பிரித்துப் போகச் சொல்ல முடியும். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்தின் பிறப்புச் சான்றிதழாக மட்டுமே நாம் படித்துவருகிறோம். அவ்வறிக்கை, குடியிருக்கும் மனை தம்முடையதாக இல்லாததே பறையர்களை அடிமைப்படுத்தும் கயிறு என்பதையும் கண்டது. 1892-இல் நிலம் வழங்க ஆணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலம் பின்னர் என்ன ஆயிற்று என்பதையும், அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்ததையும் இவ்வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வீட்டு மனையின் கதை நிலத்தின் கதையைவிட மெல்ல நகர்ந்தது. குடியிருந்தவருக்கே மனையின் உடைமையை வழங்கும் குடியிருப்புச் சட்டம் 1971-இல்தான் வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், நம் கிராமங்களில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற உறவே பண்ணையடிமை உறவாகத் தொடங்கியது. இன்று வாசலில் நின்று "யார் நீங்க?" என்று கேட்பவரின் குரலில் இருக்கும் உரிமை, வெறும் சொத்துரிமையிலிருந்து வந்ததன்று.

1978-இல் தமிழ்நாடு அரசு, அரிசன நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை (1978-இன் 31) இயற்றியது. நல்ல சட்டம். உச்ச நீதிமன்றம் 1995-இல் அனந்தி அம்மாள் வழக்கில், இழப்பீட்டைத் தவணையில் தருவது தொடர்பான பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை ஏற்றது. இத்தகைய முயற்சிகளால் பல்லாயிரம் குடும்பங்களுக்கு மனை கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எங்கே கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே; ஏரிக்கரையை ஒட்டி, பள்ளத்தில், சுடுகாட்டுப் பாதையில்; எதிர்ப்பில்லாமல் வாங்க முடிந்த இடத்தில். அரசின் கைப்பட, அரசின் செலவில், ஊரும் சேரியும் இன்னொரு முறை வரையப்பட்டன. பழைய சேரிக்குக் காலனி என்று புதுப்பெயர் வந்தது. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகையை மாற்றலாம், அந்த மூன்று சென்ட் இருக்கும் இடத்தை மாற்ற முடியாது.

இடம்தான் வாடகையைத் தீர்மானிக்கிறது. பிரதான சாலையிலிருந்து தள்ளி, பேருந்து நிற்காத இடத்தில், ஊரார் எவரும் குடிவரத் துணியாத தெருவில் ஒருவர் நான்கு அறை கட்டினால் யாருக்கு விடுவார்? அந்தத் தெருவில் வாடகைக்கு வரக்கூடியவர்கள் அதே தெருவில் இருப்பவர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு தொகுப்பு வீடு இருக்கிறது, ஒழுகினாலும். சந்தை இல்லாத இடத்தில் முதலீடு முடங்கும். அப்படியானால் சாலையோர மனையை ஊரில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கப் போனால் விற்பவர் விலை சொல்கிறார், பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பேசுகிறார்கள், பிறகு விற்பவர் மனம் மாறுகிறார். பத்திரப் பதிவு அலுவலகம் வரை வந்து திரும்பிய பேரங்களைப் பற்றி நம்மிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. பதிவேட்டில் இதற்குச் சுவடு கிடையாது, பதிவாகாத கிரயம் எங்கும் எழுதப்படுவதில்லை ஆகையால்.

பட்டாவின் கதை வேறு. அரசு இலவசமாக வழங்கும் வீட்டுமனைப் பட்டாவில் விற்பனைக்கும் மாற்றத்திற்கும் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஏழையிடமிருந்து பிறர் பறித்துவிடாமல் காப்பதற்கான நிபந்தனை. அதன் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. பஞ்சமி நிலத்திற்கு அத்தகைய நிபந்தனை இன்றும் ஒரே கவசம். ஆனால் அதே தாளை எடுத்துக்கொண்டு மாடியில் ஓர் அறை கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், வங்கியின் வழக்குரைஞர் மூலப் பத்திரம் கேட்கிறார், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கேட்கிறார், நிபந்தனையைக் கண்டு தயங்குகிறார். கையில் பட்டா இருந்தும் கிராமக் கணக்கில் பெயர் ஏறாத குடும்பங்களுக்கு அந்தத் தயக்கத்தைக் காணும் வாய்ப்புகூட இல்லை. ஊர்ப்பக்கம் அதே அளவு மனை வைத்திருப்பவர் அதை அடமானம் வைத்து லைன் வீடு கட்டிவிடுகிறார். ஒருவருக்கு மனை என்பது மூலதனம், மற்றவருக்கு மனை என்பது தங்குமிடம் மட்டுமே.

அரசின் திட்டங்களும் இந்தப் பார்வையிலிருந்து விலகவில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு. குடிசை ஒழிப்புக்கு அது தேவை. ஆனால் ஏழை என்பவர் குடியிருப்பவராக மட்டுமே கற்பனை செய்யப்படுகிறார். இரண்டாவது அறையின் உரிமையாளராக அல்ல. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சாலைக்கு வந்த பிறகு, தொழிலாளர் தங்குமிடம் என்பது அரசின் பொறுப்பு என்ற எண்ணம் வலுப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. அங்கே படுக்கை ஒதுக்குபவர் குலதெய்வம் கேட்பதில்லை. அதே நேரத்தில், இத்தனை ஆயிரம் பேரின் வாடகைத் தேவையில் ஒரு சிறு பங்கையேனும் தாட்கோ மூலம் தலித் பெண்கள் குழுக்கள் நடத்தும் விடுதிகளுக்குத் திருப்பியிருக்கலாம் அல்லவா? விடுதி நடத்துவதும் தொழிலே. ஆடு, மாடு, ஆட்டோ என்ற பழைய பட்டியலைத் தாண்டி, சாலையோரத்தில் மனை வாங்கிக் கட்டடம் எழுப்பி வாடகைக்கு விடுவதை முதன்மைத் தொழிலாக எடுத்துக்கொள்ளுமாறு தாட்கோவை நாம் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு தோழரின் கேள்வி காதில் விழுகிறது: நாம் வாடகை உண்ணும் வர்க்கத்தை உருவாக்கவா போராடுகிறோம்? நிலமற்றோருக்கு நிலம் என்ற முழக்கத்தை வீடற்றோருக்கு வீட்டுக்காரர் பதவி என்று சுருக்கிவிடலாமா? நேர்மையான கேள்வி. நம் விடை இதுதான்: ஊரில் எவரும் வாடகை வாங்கக் கூடாது என்ற நாள் வரும்வரை, வாங்குவோர் பட்டியலில் ஒரு சாதித் தொகுதி மட்டும் இல்லாமலிருப்பது சமத்துவமாகாது. அடுத்து ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலித் வீட்டுக்காரர் அருந்ததியருக்கோ இருளருக்கோ முஸ்லிமுக்கோ கதவைச் சாத்தினால், கீழே நாம் சொல்லும் சட்ட வாதங்கள் அவருக்கு எதிராகவும் நிற்கும். நிற்கத்தான் வேண்டும்.

சட்டத்திற்கு வருவோம். சொந்த வீட்டை யாருக்கு விடுவது என்பது உரிமையாளரின் விருப்பம், அதில் சட்டம் தலையிடாது என்று காவல் நிலையத்தில் சொல்கிறார்கள்; வழக்குரைஞர்கள் சிலரும் சொல்கிறார்கள். தவறு. 1955 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் ஒருவர் மீது இயலாமையைச் சுமத்துவதைக் குற்றமாக்குகிறது. அதன் (viii) ஆம் உட்பிரிவு, எந்தப் பகுதியிலாயினும் குடியிருப்புக்கான எந்த இடத்தையும் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் காக்கிறது. மனை வாங்கவிடாமல் தடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாடகைக்கு மறுக்கும் உரிமையாளரும் ஒரே உட்பிரிவுக்குள் வருகிறார்கள் என்பதே நம் வாதம். தன் வீட்டைத் தர மறுப்பது வெறும் மறுப்பு, இயலாமை சுமத்தல் ஆகாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்கான விடை அதே சட்டத்தின் 7(1) பிரிவின் முதல் விளக்கத்தில் இருக்கிறது: புறக்கணிப்பு என்றால் என்ன என்று சொல்லுமிடத்தில், வீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விட மறுப்பது முதல் எடுத்துக்காட்டாக நிற்கிறது. வாடகை மறுப்பு நாடாளுமன்றத்தின் மனத்தில் இல்லாத ஒன்றன்று.

மெய்ப்பிப்பதில்தான் எல்லோரும் தளர்ந்துவிடுகிறோம். சாதிக்காக மறுத்தேன் என்று எவர் ஒப்புக்கொள்வார்? 12 ஆம் பிரிவை வாசிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்து, குற்றமாகும் செயல் நடந்திருந்தால், அது தீண்டாமையின் அடிப்படையில் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும்; அப்படி இல்லை என்று காட்டும் சுமை மறுத்தவருடையது. தண்டனை அற்பம்தான்: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். 2015 திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் வலுவான கருவி. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை 3(1)(zc) குற்றமாக்குகிறது; வழக்கமான வணிகத்தில் எந்த நிபந்தனைகளின்படி செய்யப்படுமோ அந்த நிபந்தனைகளின்படி ஒன்றைச் செய்ய மறுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பின் வரையறைக்குள் வருகிறது. சாதி தெரிந்தபின் குடியிருப்பவரைக் காலிசெய்ய வைத்தால் 3(1)(z) இருக்கிறது. பலகை மாட்டிப் பணத்திற்கு விடும் வீடு வணிகமே அன்றி விருந்தோம்பல் அன்று.

"நாங்கள் சிறு வீட்டுக்காரர்கள், ஒரே வாசல், ஒரே குழாய், நாங்களும் உள்ளே குடியிருக்கிறோம்" என்ற வாதத்தை அமெரிக்கா நன்கு அறியும். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அங்கே நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. அதில் ஒரு விலக்கு நுழைந்தது: உரிமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு குடித்தனத்திற்கு மேற்படாத வீடுகளுக்கு அச்சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் கற்பனை விதவை ஒருவரின் பெயரால் அதைத் 'திருமதி மர்ஃபி விலக்கு' என்பர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஜோன்ஸ் எதிர் ஆல்ஃப்ரெட் மேயர் நிறுவனம் வழக்கில், 1866 ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் செய்யும் நிறவெறி மறுப்பையும் தடை செய்கிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறத்தைப் பொறுத்தவரை திருமதி மர்ஃபியின் கதவும் அத்தோடு திறந்தது. நம் 4(viii)-இல் திருமதி மர்ஃபி தொடக்கத்திலிருந்தே இல்லை. சிறியவர், பெரியவர் என்ற பாகுபாடு அதில் கிடையாது. உத்திரமேரூரில் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் சிறியவர்கள் என்பதால் இந்த வேறுபாடு நமக்கு முதன்மையானது.

2005-இல் அகமதாபாத்தின் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற துணைவிதியை உச்ச நீதிமன்றம் ஏற்றதைச் சிலர் எதிர்வாதமாக எடுத்து வருவர். மோசமான தீர்ப்பு என்பதே நம் கருத்து. ஆயினும் அது சங்கம் அமைக்கும் உரிமையைப் பற்றியது. தீண்டாமைக் குற்றத்தைப் பற்றியதன்று. லைன் வீட்டுக்கு உரிமையாளர் ஒரு சங்கம் அல்லர்.

தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம்தான் இங்கே மௌனம் காக்கிறது. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்து மூல ஒப்பந்தம் கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. வாடகை அதிகாரியை நியமிக்கிறது. சாதியின் பெயரால் வாடகைக்கு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. 2021-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்திலும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே இச்சட்டங்களின் கண் திறக்கிறது. வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர் அவற்றின் பார்வையில் வாடகைதாரரே அல்லர். ஒரே ஒரு பிரிவைச் சேர்க்கக் கேட்கிறோம்: சாதி, மதம் காரணமாக மறுப்பதும், அதே காரணத்திற்காகக் கூடுதல் வாடகையோ முன்பணமோ கேட்பதும் தடை; புகாரை வாடகை அதிகாரியே விசாரித்து இழப்பீடு வழங்கலாம். சிறைக்கு அனுப்பும் வழக்கைத் தொடுக்கத் தயங்கும் ஆசிரியரும் செவிலியரும் இழப்பீட்டுக்கு மனுக் கொடுப்பார்கள்.

அதுவரை கையில் இருப்பதை வைத்துத் தொடங்க வேண்டும். வீடு தேடிப் போகும் மாணவர்களும் ஊழியர்களும் பலகையைத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் பேச்சில் முடிக்காமல் வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேளுங்கள்: வீடு காலியாக இருக்கிறதா, வாடகை எவ்வளவு. மறுப்பு வந்த பிறகு வேறு சாதி நண்பர் ஒருவர் அதே வீட்டைக் கேட்டு, கிடைக்கும் விடையைக் குறித்து வையுங்கள். தில்லி ஆய்வு செய்ததும் இதைத்தான். மனை வாங்கப் போய்த் திரும்பியவர்கள், கொடுத்த முன்பணத்தின் ரசீதையோ வங்கிப் பரிமாற்றத்தையோ தூக்கி எறிய வேண்டாம். மனுவின் முதல் பத்தியிலேயே 4(viii), 12 என்ற இரண்டு எண்களை எழுதுங்கள். எழுதாவிட்டால் நிலையத்தில் அதைச் சாதாரண வாய்த்தகராறாகப் பதிவார்கள். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு விரைவஞ்சலில் அனுப்பி, ஒரு படியை மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திற்கும் அனுப்புங்கள். விரைவஞ்சல் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு மன்றம் வரை போனால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.